புக்கர் அண்ணையின் வேலி

பஸ்ஸுக்குள் மாட்டெரு ஏறினால் அதன் மணம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிவதில்லை. முதலில் பக்கத்தில் நிற்கும் பெண் தன் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்ப்பாள், பிறகு ஜன்னலோரக் கிழவர் ஜன்னல் திறக்குமா என்று தடவுவார், கடைசியில்தான் எல்லாக் கண்களும் ஒவ்வொன்றாக வந்து என் அப்பாவின் முழங்கால்களுக்கு நடுவில் நிற்கும் நீலச் சாக்கில் தங்கும். அப்பா சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்தபடி எதிரே இருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார். நான் நாலு இருக்கை தள்ளி, பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மனிதரை வாழ்நாளில் கண்டதே இல்லை என்ற முகத்தோடு இருப்பேன். அப்போது எனக்குப் பத்து வயது. அந்த முகத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தானாகவே நன்றாக வந்தது.

நாங்கள் ஜேர்மன் பேசும் எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு தொடர்மாடியின் நாலாம் தளத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்தில் அவர் "தோட்டம் செய்தவர்". எங்கள் பேச்சில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் போட்டு, அதிலேயே ஒரு குடும்பம் சீவிக்கும் நிலம். பள்ளியில் ஆசிரியை "உன் அப்பா அங்கே என்ன செய்தார்" என்று கேட்டபோது, நான் அதை அப்படியே "கார்டன்" என்று ஜேர்மனில் சொல்லிவிட்டேன். "ஓ, பூக்களா?" என்றார் ஆசிரியை. ஓம் என்றேன். சாணத்திலும் பார்க்கப் பூ கௌரவமாக இருந்தது. அப்பாவின் வாழ்க்கையை நான் முதன்முதலில் பிழையாக மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான், ஆனால் அந்தப் பிழைக்காக நான் இந்தக் கட்டுரையை எழுதவில்லை.

எரு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கு மேலே, மலைச்சரிவில், புக்கர் என்ற ஒரு விவசாயியின் பண்ணை இருந்தது. பன்னிரண்டு பசுக்கள், ஒரு பழைய மரக் கொட்டில், நின்றால் கால் வழுக்கும் செங்குத்தான புல்தரை. தொடர்மாடிக்குப் பின்னால் வீட்டுக்காரர்களுக்கு விட்டிருந்த கட்டில் அளவுத் துண்டொன்றில் அப்பா வெங்காயம் நட்டிருந்தார். அந்த மண்ணுக்கு எருப் போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் போய், புக்கருக்கு முன்னால் நின்று, கையாலும் சாக்காலும் விளக்கிக் கேட்டிருக்கிறார். புக்கருக்கு அப்போதே அறுபது வயது இருக்கும். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அப்பாவுக்கு வாய் வராது. அதனால் "அண்ணை, குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அப்படியே சொன்னதால், அண்ணை என்பது அப்பாவின் பெயர் என்று புக்கர் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு "குட்டன் மோர்கன், ஹெர் அண்ணை" என்று, பெயருக்கு முன்னால் திரு போட்டு, அவர் திருப்பிச் சொல்ல, இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு சரிவில் நிற்பார்கள். அப்பாவுக்கு அதில் ஒரே புளுகம், சந்தோசம் தாங்காது. "அந்த மனுசனும் என்னை அண்ணை எண்டுதான் கூப்பிடுது" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். நானோ, இதை வகுப்பில் யாராவது கேட்டுவிடக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சாக்கோ நாலாவது சாக்கோ தூக்கும்போது புக்கர் என்னைக் கூப்பிட்டு, "எருவைப் பஸ்ஸில் கொண்டுபோவதை விட, உன் அப்பாவை இங்கே வரச் சொல்" என்றார். கொட்டிலுக்குக் கீழே, வேலியை ஒட்டி, சற்றுச் சமமான ஒரு துண்டு கிடந்தது. எங்கள் ஊர் நிலக் கணக்கில் இரண்டு பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு காலத்தில் அதில் உருளைக்கிழங்கு போட்டார்களாம், பிறகு எல்லாம் புல்லாகிவிட்டதாம். மெஷின் ஏறமுடியாத சரிவில் புல் வெட்டிக் காயப் போட அப்பா கைகொடுப்பது, அதற்குப் பதிலாக அந்தத் துண்டு அவருக்கு என்று பேச்சாயிற்று. எழுத்து ஒன்றும் இல்லை. கை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஒரு வருடம் அப்பா வேறு ஆளாக இருந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்து சாப்பிட்டதும் படுத்துவிடும் மனிதர், சனிக்கிழமைகளில் எனக்கு முன்னால் எழும்பிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பார். ஊரிலிருந்து யாரோ ஒருவரின் பெட்டியில் வந்த மண்வெட்டித் தகட்டுக்குப் புக்கரே பிடி செதுக்கிக் கொடுத்தார். உருளைக்கிழங்கு, வெங்காயம், பீட்ரூட் எல்லாம் வந்தன. புக்கர் வெங்காயப் பாத்தியைப் பார்த்துவிட்டு, தன் பசுவைத் தட்டுவதைப் போல அப்பாவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஜேர்மன் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பாவின் பங்கு பெரும்பாலும் "யா, யா" மட்டுமே. மீதிக்கு நான் தேவைப்பட்டேன்.

எனக்கு அந்தத் துண்டே பிடிக்கவில்லை. சேறு அப்பிய சப்பாத்தோடு அப்பா பஸ்ஸில் ஏறுவார், நானும் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். எருவுக்கு இங்கே "மிஸ்ட்" என்பார்கள், கோபம் வந்தால் திட்டுவதற்கும் அதே சொல்தான். வகுப்பில் நிக்கோல் என்ற பிள்ளை ஒருநாள் எங்களை அந்தப் பஸ்ஸில் கண்டுவிட்டாள். திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் போனதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லை மெல்லமாகச் சொன்னாள். வீட்டில் நான் அழுதேன். அம்மா அப்பாவிடம், "பிள்ளைக்கு வெக்கமாக் கிடக்காம். பஸ்ஸில பின் கதவால ஏறுங்கோ" என்றார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அப்பா பின் கதவால் ஏறினார். அவர் அப்படி ஏறியது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது, ஆனால் முன் கதவால் ஏறுங்கள் என்றும் நான் சொல்லவில்லை.

இரண்டாவது வருடம், ஆனி மாதம் போல, லீக்ஸ் என்னும் வெங்காயத்தாள் கன்று நடுவதற்கு நிலம் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. துண்டின் ஓரத்தில் வேலியாக நின்ற மரங்களில் ஏழு "எஷெ" மரங்கள். தமிழில் அவற்றுக்கு என்ன பெயர் என்று அப்பாவுக்கும் தெரியாது. அவற்றின் கழுத்து விசித்திரமாகத் தடித்து, முடிச்சு முடிச்சாக இருக்கும். அப்பா ஒவ்வொரு மரத்தையும் தடவித் தடவிப் பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நட்ட கதியால் மரங்களில் இலைக்கொத்தோடு பச்சைக் குழை வெட்டி, பாத்தியில் வாய்க்கால் எடுத்து, அதற்குள் போட்டு மண்ணால் மூடுவார்கள். "குழை தாழ்க்கிறது" என்று அதற்குப் பெயர். அங்கே வேலியும் ஒரு பசளைதான், வேலிக் குழையை வெட்டுவதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அப்பாவும் கேட்கவில்லை. மூன்று மரங்களில் கிளைகளைக் கழித்து, ஒரு பாத்தி முழுக்கக் குழை தாழ்த்துவிட்டார்.

இந்த நாட்டில் வேலி மரம் என்பது சட்டம் காக்கும் பொருள், அதுவும் குருவி கூடு கட்டும் காலத்தில். நடக்கப் போன யாரோ பார்த்துவிட்டு அறிவித்திருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை, உள்ளூர்க் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் கையில் ஓர் எழுதும் மட்டையோடும் பேனையோடும் வந்து நின்றார். பக்கத்தில் தொப்பியோடு புக்கர், எதிரே மண்வெட்டியோடு அப்பா, நடுவில் நான். ஏன் வெட்டினார் என்று உன் அப்பாவைக் கேள் என்றார் கந்தோர்க்காரர்.

அப்பா பயப்படவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. தன் தொழிலைப் பற்றி இந்த நாட்டில் ஒருவர் முதன்முதலாகக் கேட்கிறார் என்ற உற்சாகத்தோடு மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கதைத்தார். "இஞ்ச பார் பிள்ளை, வடிவாச் சொல்லு. எங்கட ஊரில வேலி எண்டது அடைக்க மட்டுமில்லை. அதில குழை வெட்டி மண்ணுக்குள்ள தாழ்க்கிறனாங்கள். மரம் சாகாது, திரும்பத் தளிர்க்கும். நான் அடிமரத்தைத் தொடேல்லை." பிறகு புக்கர் பக்கம் திரும்பினார். "அண்ணையையும் ஒண்டு கேள். இந்த மரம் முந்திக் கனதரம் வெட்டுப்பட்ட மரம், கழுத்துத் தடிப்பைப் பாக்கவே தெரியுது. அவற்ற ஐயா காலத்தில இதை என்னத்துக்கு வெட்டினவை எண்டு கேள்."

குழைக்கு என்னிடம் ஜேர்மன் சொல் இல்லை. தாழ்க்கிறதுக்கும் இல்லை. பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிவந்த சாட்டு இதுதான். ஆனால் இலை என்ற சொல் எனக்குத் தெரியும், மண் தெரியும், புதைப்பது தெரியும். "உங்கள் அப்பா காலத்தில் இதை எதற்கு வெட்டினார்கள்" என்று கேட்பதற்கு வேண்டிய எல்லாச் சொற்களும் எனக்குத் தெரியும். வகுப்பில் ஜேர்மனில் கெட்டிக்காரி நான். எனக்கு அந்தத் துண்டு இல்லாமல் போக வேண்டும், சனிக்கிழமை வேண்டும், பஸ்ஸில் ஒரு சாதாரணப் பிள்ளையாக இருக்க வேண்டும். கந்தோர்க்காரரை நிமிர்ந்து பார்த்து, சுத்தமான ஜேர்மனில் சொன்னேன்: "அவர் இதைக் களை என்று நினைத்துவிட்டார். மன்னிக்கச் சொல்கிறார்."

களைக்கு இங்கே "உன்கிரவுட்" என்பார்கள். புக்கர் தொப்பியைக் கழற்றினார். "உன்கிரவுட்?" என்று நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. தான் கேட்ட கேள்வியைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டு, "யா, யா" என்று தலையாட்டினார்.

புக்கர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு மரங்களைப் பார்த்தார். கந்தோர்க்காரரிடம், வேலி தன்னுடையது, தான் பொறுப்பு என்று சொன்னார். அப்பா என் தோளைத் தொட்டு, "என்ன சொன்னவர்?" என்று கேட்டார். "தெரியாதாம்" என்றேன். பிறகு புக்கர் என்னிடம், லீக்ஸைப் பிடுங்கும் வரை உன் அப்பா நிலத்தை வைத்திருக்கட்டும், அதற்குப் பிறகு புல்லுக்கு விடப்போகிறேன் என்றார். இதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பா சப்பாத்தின் சேற்றைக் கழுவினார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "தெரிஞ்ச மனுசன் தெரியாது எண்டிட்டுது. கந்தோர் ஆளுக்கு முன்னால எனக்காக ஒரு வார்த்தை கதைக்கேல்லை." அம்மா, "விடுங்கோ. அவையள் அவையளோடதான் நிப்பினம்" என்றார். அந்த வசனம் எங்கள் வீட்டில் அன்றைக்கு வந்து குடியிருந்துவிட்டது. வேலையிடத்தில் ஒரு சண்டை, விசாவில் ஒரு தாமதம், எது நடந்தாலும் அம்மா அதைத்தான் சொல்வார், அப்பா புக்கரை நினைத்துக்கொண்டு தலையாட்டுவார். அதைக் கொண்டுவந்து வைத்தவள் சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த லீக்ஸ் அப்படி விளைந்தது. குழை தாழ்த்த பாத்தியில் விளைந்தது தனியாகத் தெரிந்தது, மணிக்கட்டுத் தடிப்பு. கார்த்திகையில் அப்பா எல்லாவற்றையும் பிடுங்கி, திறமான லீக்ஸ் கட்டொன்றைப் புக்கரின் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் இறங்கி வந்தார். மண்வெட்டி நிலக்கீழ் அறைக்குப் போயிற்று. சனிக்கிழமைகளில் அவர் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார். எனக்கு நான் விரும்பிய சனிக்கிழமைகள் கிடைத்தன. நிக்கோல் என்னைத் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள், போனேன், கேக் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் செய்தவள் பிறகு என்ன வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத்தான். ஷாஃப்ஹவுசனில் இருக்கிறேன். மருத்துவமனைகளிலும் கந்தோர்களிலும் எங்கள் ஆட்களுக்காகக் கதைக்கிறேன். பயிற்சியின் முதல் நாளே பலகையில் எழுதிப்போட்டார்கள்: ஒன்றும் கூட்டாதே, ஒன்றும் குறைக்காதே. நான் அதைக் கொப்பியில் எழுதும்போது காது சுட்டது. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனை அறைக்குள் நான் பிந்திப் போனபோது, ஒன்பது பத்து வயதுப் பிள்ளை ஒன்று தகப்பனுக்காகக் கதைத்துக்கொண்டிருந்தது. தகப்பன் நோ எங்கே தொடங்கியது, எப்போது கூடுகிறது, முந்தி ஊரில் என்ன நடந்தது என்று நெடுக விளக்கினார். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி, "வயிறு வலிக்கிறதாம்" என்று ஜேர்மனில் முடித்துவிட்டது. அந்த நிலம் பார்க்கும் பார்வையை நான் அறிவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவைப் பார்க்க எம்மன்புரூக்கே போனேன், வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனேன்.

மலையின் பாதிக்கு வீடுகள் ஏறிவிட்டன. கொட்டில் இருக்கிறது, மாடுகள் இல்லை. வேலியில் ஏழில் நாலு எஷெ மரங்கள் நோய் கண்டு, அடிக்கட்டையாகக் கிடந்தன. மீதி மூன்றுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. இந்தச் சரிவின் விவசாயிகள் அந்தக் காலத்தில் கோடை முடிவில் இம்மரங்களின் கிளைகளை இலையோடு கழித்து, உலர்த்தி, மாரிக்கு மாடுகளுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள், உதிர்ந்த இலையைக் கொட்டிலில் பரப்பி எருவாக்கி நிலத்துக்குப் போட்டார்கள், கழுத்து முடிச்சுகள் அந்த வெட்டின் அடையாளம் என்று அதில் இருந்தது. இப்போது தொண்டர்கள் மரம் அரியும் வாளோடு வந்து பழைய முறைப்படி வெட்டிக்காட்டுகிறார்களாம். அப்பா கேட்ட கேள்விக்குரிய பதில், கண்ணாடி போட்டு, வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

புக்கரின் மகள் ரூத் முற்றத்தில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பண்ணை கைமாறப் போகிறது. தகப்பன் போன மாரிக்கு முந்திய மாரியில் இறந்துவிட்டார் என்றார். வேலியோரத்துப் புல் துண்டைக் காட்டி, அதை என்ன என்று சொல்வீர்கள் என்று சும்மா கேட்டேன். இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. "அது அண்ணை ஆக்கர்" என்றார் ரூத். ஆக்கர் என்றால் உழுத நிலம். "இங்கே ஒரு ஹெர் அண்ணை பயிர் செய்தார். புல்லாகிய பிறகும் அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். ஒரு விசயம் மட்டும் அவருக்கு விளங்கவே இல்லை. வெட்டுமுன் மரத்தைத் தடவிப் பார்க்கும் மனிதர், என் அப்பாவின் அப்பப்பா நட்ட மரத்தை எப்படிக் களை என்று சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்." நான் அந்த ஹெர் அண்ணையின் மகள் என்றேன். ரூத்தின் முகம் மலர்ந்தது. "ஓ, அந்தச் சின்னப் பிள்ளையா? எவ்வளவு சுத்தமாக மொழிபெயர்க்கும் என்று அப்பா சொல்வார்."

மூன்று மரங்களையும் படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

அப்பாவுக்கு இப்போது இடுப்பு நோ, பல்கனியில் நாலு மிளகாய்ச் சாடிதான் அவருடைய நிலம். பலகையின் படத்தைக் காட்டி, அதில் இருந்ததை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் நிமிர்ந்து இருந்தார். "பாத்தியோ, நான் சொன்னன் எல்லோ. அது வெட்டுப்பட்ட மரம் எண்டு." பிறகு நெற்றியைச் சுருக்கினார். "அப்ப அண்ணை ஏன் அண்டைக்குத் தெரியாது எண்டவர்?"

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை அப்பா. நான் உங்கட கேள்வியை அவரிட்டக் கேக்கவே இல்லை. நீங்கள் அந்த மரத்தைக் களை எண்டு நினைச்சு வெட்டினதா நான்தான் சொன்னனான். எனக்கு அந்தத் தோட்டம் வேண்டாம் எண்டு இருந்தது."

குசினியில் அம்மா குழாயை மூடினார். அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த மனுசன் இவ்வளவு காலமும் என்னைப் பற்றி அப்பிடியே நினைச்சுக்கொண்டு இருக்குது" என்றார். சாய்மனைக் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், வாசலுக்குப் போய், கதிரையில் இருந்து, ஒரு காலுக்குச் சப்பாத்தைப் போட்டார்.

"எழும்பு பிள்ளை. அடுத்த பஸ் எத்தினை மணிக்கு? நேர போய்ச் சொல்லுவம். நீயும் வந்து வடிவாச் சொல்லு."

அவர் கயிறு கட்டக் குனிந்திருந்தார். பக்கத்தில் போய் நின்று சொன்னேன்: "அப்பா, அண்ணை செத்துப்போனார்."

அவர் நிமிரவில்லை. மற்றச் சப்பாத்தையும் எடுத்துப் போட்டு, அதன் கயிற்றையும் மெதுவாகக் கட்டி முடித்தார்.